பஸ்ரியன் அண்ணையின் சன்னங்களில் பிழையில்லை

பஸ்ரியன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் வேலை முடிந்து அஜக்ஸில் இருக்கிற வீட்டுக்குப் போகும் வழியில், 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எங்களோடு ஒரே கிளப்பில் குறி சுடுகிற குணாதான் அழைத்தான். "அண்ணை போயிட்டார் மச்சான். காலமை ஹார்ட் அற்றாக்." எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. இனி அவர் என்னிடம் எதையும் கேட்கமாட்டார் என்ற நிம்மதி. பிறகு ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்பதும் உண்மைதான். ஆனால் முதலில் வந்தது எது என்பதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிளப்பில் நாங்கள் ஐந்து தமிழர். ஊரில் போரின் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் இங்கே காசு கட்டிக் கடதாசிக் குறியைச் சுடுகிறதே என்று வெளியில் பகிடி பண்ணுவார்கள். ஒருமுறை சேர்ச் வாசலில் ஒருவர் அதைக் கொஞ்சம் கடுப்போடு கேட்டபோது, அண்ணை கோபப்படவில்லை. "உது கடதாசி, தம்பி. கடதாசிக்கு அம்மா இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அவர் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்காபரோவில் ஒரு பட்டறையில் இரும்பு வேலிகளுக்குப் பவுடர் பெயின்ற் அடித்துச் சூளையில் சுட்டு எடுத்தவர். அந்தக் கைப்பழக்கத்தை வெக்ஸ்போர்ட் வீட்டுக் கராஜுக்கும் கொண்டுவந்தார். ரயர் கடைகளில் சில்லுகளிலிருந்து கழற்றிக் கழித்த ஈயத் துண்டுகளை வாங்கி உருக்கி, அச்சில் வார்த்துத் துவக்குக்கான குண்டு, சன்னம் செய்வார். அவற்றை ஐஸ்கிறீம் டப்பாவில் பெயின்ற் தூளோடு போட்டுக் குலுக்கி, பழைய ரோஸ்ரர் அவணில் சுடுவார். மேலே படிகிற அந்தத் தோல், ஈயம் துவக்குக் குழலில் உரசி ஒட்டாமல் காக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சன்னத்தை எடுத்துச் சுத்தியலால் தட்டையாகும்வரை அடித்துப் பார்ப்பார். பெயின்ற் துளி உரிந்தாலும் முழுத் தட்டும் திரும்ப உருக்குச் சட்டிக்குள் போகும். தேறியவற்றை எங்களில் கேட்டவர்களுக்குச் சும்மா பங்கிட்டுத் தருவார்; வெடிமருந்தோடு தோட்டாவில் அடைப்பது எங்கள் வேலை.

தரும்போது ஒன்றைத் தவறாமல் சொல்லுவார்: "செக்கனுக்கு ஆயிரத்து எண்ணூறு அடிக்கு மேலை போகாதேங்கோ. அதுக்கு மேலை பெயின்ற் நிக்கும், உள்ளுக்கை இருக்கிற ஈயம் நிக்காது." அந்த எல்லையை அவர் புத்தகத்தில் பார்த்துச் சொல்லவில்லை. எங்களிடம் இருந்ததே போன்ற துவக்கில், தன்னுடைய ஈயத்தோடு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேகமானியை வைத்து, ஒரு கோடை முழுக்கச் சுட்டுக் கண்டுபிடித்தது.

மூன்று வருடங்களுக்கு முன் குணா என்னைச் சீண்டினான். "உங்கடை சன்னம் நடந்தெல்லே போகுது" என்றான். கடைச் சன்னம் வாங்கிச் சுடுகிற அவனுக்கு அது வெறும் பகிடி. எனக்கு மட்டும் அது உறைத்தது. வீட்டுக்குப் போய் மருந்தைக் கூட்டினேன். துவக்கு தாங்கும் அளவுக்குள்தான். ஆனால் அண்ணையின் எல்லையை எவ்வளவோ தாண்டி. வேகமானி இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல் காட்டியபோது எனக்குள் ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு கிளப் போட்டி. என் சன்னங்கள் கடதாசியில் கண்டபாட்டுக்குச் சிதறின. ஒன்று பக்கத்து ஆளின் கடதாசியிலே விழுந்தது. குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது. எல்லாரும் கூடிவிட்டார்கள். அண்ணை மெதுவாகத்தான் கேட்டார்: "எவ்வளவு மருந்து போட்டனீர்?"

"நீங்கள் சொன்ன அளவுதான் அண்ணை. பெயின்ற் சரியா வேகேல்லைப் போலை."

வாழ்நாள் முழுக்கப் பெயின்ற் சுட்ட மனிதரைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னை நம்பினார். திட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அன்றிலிருந்து அவர் ஒருவருக்கும் சன்னம் கொடுக்கவில்லை. "பிழை எதிலை எண்டு தெரியாமல் ஆருக்கும் குடுக்கேலாது" என்றார். மிச்சமிருந்ததை எல்லாம் உருக்கினார். அவணை மாற்றினார், வெப்பமானியை மாற்றினார், பெயின்ற் தூளை மாற்றினார். கிளப்பில் சிலர், கண்ட ஈயத்தையும் உருக்கினால் இப்படித்தான் ஆகும் என்று கதைத்தார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாளாக நாளாக வாய் திறப்பது இன்னும் கடினமாகிவிட்டது.

செத்தவீட்டில் அவருடைய மகள் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அப்பா லாஸ்ற் வீக்கும் கராஜிலை ரெஸ்ற் பண்ணிக்கொண்டுதான் இருந்தவர். தான் எங்கை பிழை விட்டதெண்டு ஹீ நெவர் ஃபிகர்ட் இற் அவுற், கடைசிவரை கண்டுபிடிக்கேல்லை" என்றாள். பத்து நிமிடம் கழித்து என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் பொறுமைசாலி என்றேன், நிதானமானவர் என்றேன். நல்லாய்ப் பேசினாய் என்று நாலு பேர் முதுகில் தட்டினார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் கேவலப்பட முடியுமா என்று தெரியவில்லை.

இதை அச்சுக்கு அனுப்பமுன் ஜெனிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "ஏன் அங்கிள் இப்ப சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள்.

கிளப்பில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் சொல்கிறேன்: பஸ்ரியன் அண்ணையின் சன்னங்களில் எந்தப் பிழையும் இல்லை. அவருடைய எல்லையும் சரி, சூடும் சரி. பிழை நான் போட்ட மருந்திலும் நான் சொன்ன பொய்யிலும் இருந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் இரண்டு சனிக்கிழமை அஜக்ஸுக்கு வந்து, என் கராஜில் குந்தியிருந்து, குழலுக்குள் அப்பிய ஈயத்தைத் தானே சுரண்டி எடுத்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, துவக்கை என் கையில் தந்து, "என்னாலை உமக்கு வீண் கரைச்சல், தம்பி. குறை நினையாதையும்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்லை அண்ணை" என்று நான் அவரை மன்னித்தேன்.