லம்யாயின் கழுத்துக் கத்தரிக்கோல்

சிவப்பு விளக்கின் கீழே லம்யாய் எக்ஸ்ரே பிலிமின் வலது மேல் மூலையை நகத்தளவு வெட்டுகிறாள். எது தலை, எது கால் என்று பிறகு குழம்பக் கூடாதே. கத்தரிக்கோல் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் தொங்குகிறது. இருபத்தாறு வருடமாக அதே கத்தரிக்கோல். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் யாராவது அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம். இருட்டில் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, பிலிமைத் திரவத்தில் நனைத்துத் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே முணுமுணுப்பாள்: "காட்டுடி, காட்டு. வெக்கப்படாத."

தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பித்தக்குழாய்ப் புற்றுநோய்க் கதை உண்டு. பச்சை மீனைக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து தின்னாதே என்றால் இங்கே யார் கேட்கிறார்கள்? மீனோடு புழு உள்ளே போய் ஈரலில் குடியேறுகிறது. முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் வேலையைக் காட்டுகிறது. அப்படிக் கட்டி வந்தவர்களின் சதைத் துணுக்கு ஐஸ் பெட்டியில் வர, அறுவைக் கூடத்து வாசலிலிருந்து அதை வாங்கிக்கொண்டு ஐம்பத்து மூன்று வயதில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவருபவள்தான் லம்யாய்.

அவள் தேடுவது ஒரே ஒரு புரதத்தை. செல்லுக்குள் எந்த மரபணுவைப் படிக்க வேண்டும் என்று முடுக்கிவிடுகிற கைனேஸ் அது. அதன் உடம்பில் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பேட் ஒட்டினால் விழித்துக்கொள்ளும்; ஒட்டாவிட்டால் தூங்கும். விழித்திருப்பதை மட்டும் பிடிப்பதற்கென்றே செய்த ஆன்டிபாடி சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் வருகிறது. பிடித்தால் பிலிமில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்த நோயாளிக்கு, அந்தக் கைனேஸைத் தூங்கவைக்கும் பரிசோதனை மாத்திரை கிடைக்கும். விழாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

குப்பி கடல் கடந்து வந்துசேர இரண்டு மாதம் ஆகும். அதனால் உறைபெட்டியின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். "வீட்டுக்காரரைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டிருக்க மாட்டீங்கக்கா," என்பான் ஆராய்ச்சி மாணவன் நொப்பரத். "அந்த மனுசன் பேச்சை எடுக்காத. அவருக்கு உறைபெட்டி தேவப்படல, தானாவே விறைச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சாரு," என்பாள் லம்யாய்.

அவளுக்கு ஒரு பழைய பிடிவாதம் இருந்தது. ஒவ்வொருவர் சதைச் சாற்றையும் இரண்டு பங்காக்கி, ஒன்றில் பாஸ்பேட்டை உரித்தெடுக்கும் நொதியைக் கலந்துவிடுவாள். உரித்த பங்கில் கோடு விழவே கூடாது. விழுந்தால் ஆன்டிபாடி பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் புதுக் குப்பி வந்தபோது நொப்பரத் சொன்னான்: "அக்கா, குப்பியில இருக்கறது கொஞ்சம், ஆளுங்க நிறைய. உரிச்ச பங்கு இனிமே எதுக்கு? ஆறு வருசத்துல அதுல ஒரு தடவையாவது கோடு வந்திருக்கா?"

"சரி தம்பி, விட்டுடலாம்," என்றாள். சொன்னது அவள்தான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

அதற்குப் பிறகு பதினோரு நோயாளிகள், பதினோரு கோடுகள். முன்பெல்லாம் பத்துப் பேரில் நாலு பேருக்குத்தான் விழும். அதை யாரும் யோசிக்கவில்லை. வந்த கோட்டை யார் சந்தேகப்படுவார்கள்? சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கி வைத்து ஆய்வகமே கொண்டாடியது. "இது கை ராசியான குப்பி," என்று லம்யாயும் ஒரு தொடையைக் கடித்தாள்.

பன்னிரண்டாவது ஆள் அவளுடைய தம்பி சாக்கோன், வேன் ஓட்டுபவன். கண் மஞ்சளாகி வந்தவனைப் படுக்கையருகே நின்று திட்டித் தீர்த்தாள்.

"எத்தன வாட்டி சொன்னேன்? கேட்டியா? புழு தின்னி!"

"நீயும்தான் சின்ன வயசுல தின்ன. உன்ன ஒண்ணும் பண்ணலியே. புழுவுக்கும் உன்னக் கண்டா பயம்க்கா."

சிரித்துவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாத்திரை இல்லையென்றால் மூன்று மாதம் தாங்குவான் என்று மாத்திரைச் சோதனையை நடத்தும் டாக்டரம்மா விலைலக் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உள்ள காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, தம்பிக்குக் கோடு விழுந்தால் நூறு அவித்த முட்டை வைப்பதாக வேண்டிக்கொண்டாள். அதை அவனிடமும் சொல்லிவைத்தாள்.

அவனுக்கு மட்டும் உரித்த பங்கையும் சேர்த்துச் சோதித்தாள். சந்தேகப்பட்டு அல்ல, தம்பி விஷயம், சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

கோடு விழுந்தது. நல்ல கறுப்பு. பக்கத்தில், உரித்த பங்கிலும் அதே கறுப்பு.

புது நொதி வாங்கி மறுநாள் மறுபடி செய்தாள். அதேதான். இந்தக் குப்பி தூங்குவதையும் பிடிக்கிறது, விழித்திருப்பதையும் பிடிக்கிறது. பதினோரு பேர் எதற்கென்றே தெரியாத மாத்திரையை விழுங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பியின் கட்டியில் கைனேஸ் விழித்திருக்கிறதா என்று இந்தக் குப்பியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. குப்பி பொய் என்று வாய் திறந்தால் மாத்திரைச் சோதனையே நிற்கும். அடுத்த குப்பி வர இரண்டு மாதம். அதைச் சோதித்து, மறுபடி ஆள் சேர்ப்பதற்குள் அவனுடைய மூன்று மாதம் முடிந்துவிடும்.

நேற்று பகல், காய்ந்த பிலிமோடு அவள் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டில் நோயாளியின் கோட்டை மட்டும் கத்தரித்து ஒட்டுவதுதான் வழக்கம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒரே வெட்டு போதும், யாருக்கும் தெரியாது. கத்தரிக்கோலை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தாள்.

நொப்பரத் கதவருகே தலையை நீட்டினான். "அக்கா, கோடு வந்துச்சா? உங்க தம்பி பேரச் சேர்க்க டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"காயட்டும் தம்பி."

அவன் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வார்டிலிருந்து சாக்கோன்.

"என்னக்கா, கோடு வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"வந்துச்சா!"

"ரெண்டு வந்துச்சு."

"ரெண்டா?" அவன் குரல் ஏறியது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்வது கேட்டது: "எனக்கு ரெண்டு வந்திருக்காம், பெரியவரே!" பிறகு இவளிடம், "ரெண்டுன்னா இன்னும் நல்லதுதானேக்கா?"

"கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டாள் லம்யாய்.

"குடிச்சேன். முட்டைய மறந்துடாத. நூறு."

"மறக்கல. வாங்கி வைக்கிறேன்." கேட்டது கோடு, தெய்வம் கோட்டைக் கொடுத்துவிட்டது.

போனை வைத்தாள். கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றிக் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். இரண்டு கோடும் உள்ள பிலிமை முழுசாக எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைப் பக்கம் நடந்தாள்.