வெள்ளி கிரகம் என்று எழுதி அனுப்பினார்கள்

மாலை ஐந்து மணி இருக்கும், வெயில் இறங்கவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, சட்டுனு வாங்க. மேட்டு மேல இன்னாவோ நிக்குது."

தங்கம் பிரித்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மண் மேட்டுக்கு மேலே ஈய நிறத்தில் ஒன்று நின்றது. லாரி அளவு இருக்கும். இறக்கை இல்லை, சத்தமும் இல்லை. பத்து நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, நேராக மேலே ஏறி மறைந்தது. போனை எடுத்துவரக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

யாராவது வேவு பார்க்கிறார்களோ என்ற பயத்தில் ராணுவத்துக்குக் கடிதம் எழுதினேன். மேடு எந்தத் திசையில் இருக்கிறது என்று படமும் வரைந்து வைத்தேன். மூன்றாவது வாரம் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன்.

அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது. முதல் கேள்வியே, "குடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"கண்ணு ஆபரேஷன் ஏதாவது? தலைசுத்தல், மாத்திரை?"

எனக்குச் சுருக்கென்றது. சுரங்கம் மூடும்வரை நான் வைண்டிங் என்ஜின் டிரைவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, அந்தக் கேஜை, தரைமேல் என்ஜின் அறையில் உட்கார்ந்து ஓட்டுபவன். மணியை ஒன்று தவறக் கேட்டாலும், ஆழம் காட்டும் முள்ளைக் கொஞ்சம் பிசகிப் பார்த்தாலும் ஒரு கேஜ் ஆட்கள் அடியில் போய் மோதுவார்கள். என் கண்ணை நம்பித்தான் ஒவ்வொரு ஷிப்டும் உள்ளே இறங்கியது. இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"முதல்ல பாத்தது நான்தான். என்னைக் கேளுங்க சார்" என்றாள் மனைவி.

"ஒருத்தர் சொன்னா போதும்மா."

மேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். நேரமில்லை என்று கிளம்பிவிட்டார்கள்.

ஒரு மாதத்தில் ஒரே ஒரு தாள் வந்தது. 'முதியவரான மனுதாரர் வெள்ளி கிரகத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டுள்ளார். விசாரணை முடிக்கப்பட்டது.'

மாலையில் வெள்ளி தெரிவது மேற்கே. மேடு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே. நான் வரைந்து கொடுத்த படத்தை ஒருவராவது பிரித்துப் பார்த்திருந்தால் இப்படி எழுத மனம் வந்திருக்குமா?

மறுநாள் கோரமண்டல் ஸ்டேஷனில் இருவரும் பெங்களூர் ரயில் ஏறினோம். அந்தத் தாளை அனுப்பிய ராணுவ அலுவலகத்தில் மூன்று பெஞ்சுகள் மாறி உட்கார்ந்த பிறகு ஓர் அதிகாரி பேசினார்.

"ஃபைல் முடிஞ்சிடுச்சு பெரியவரே. வயசான காலத்துல ஏன் இந்த அலைச்சல்?"

"வயசப் பத்திக் கேக்க வரல சார். கெழக்கு எது, மேக்கு எதுன்னு கேக்க வந்தேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. நான் எழுந்துவிட்டேன். மனைவி எழவில்லை.

"நான் பாத்தத நீங்க எழுதிக்கிற வரைக்கும் போக மாட்டேன். நீங்க சாப்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்."

அவர் நிஜமாகவே சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். அவள் அதே இடத்தில் இருந்தாள். கடைசியில் ஒரு பெண் குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். மனைவி நிறம், உயரம், திசை, ஏறிய விதம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்து, 'கிழக்கு' என்ற சொல்லைப் பெரிதாக எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

அதற்கும், பிறகு நான் எழுதிய இரண்டாவது கடிதத்துக்கும் இதுவரை பதில் இல்லை. மேட்டுக்கு மேலே நின்றது என்ன என்று எனக்கும் தெரியாது. தெரியவில்லை என்று அவர்களும் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பார்க்காதவர்கள், பார்த்த எங்களுக்குக் கண் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதை எப்படி விடுவது? மூன்றாவது கடிதத்தை நேற்று ஆண்டர்சன்பேட்டையில் தபாலில் சேர்த்தேன். இந்த முறை இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.