கம்ப்யூட்டரை அடித்த மார்கழி

எங்கள் வீட்டில் அடி வாங்காத இயந்திரம் கிடையாது. ரேடியோவை மண்டையில் தட்டினால் பாடும். டிவியை முதுகில் அறைந்தால் படம் ஆடாமல் நிற்கும். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கென்றே ஒரு வேப்பங்கட்டை சுவரில் தொங்கும். அதை எடுத்து ஒரு போடு போட்டால்தான் தண்ணீர் வரும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கம் வெறும் பழமொழி இல்லை, ரிப்பேர் முறை. ஆகவே என் மனைவியின் கம்ப்யூட்டர் அலறத் தொடங்கியபோது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கொச்சியில் இருக்கும் ஒரு கம்பெனி பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும். அங்கே பள்ளிக்கூடம் லீவு என்றால் காலை ஆறு மணிக்கே வகுப்பு. அவள் படித்த கணக்கெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு என் தோப்பில் தேங்காய் எண்ணத்தான் உதவியது. இந்த வகுப்பு வந்த பிறகுதான் ஊரில் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அதுவரை அவள் என் பெண்டாட்டி மட்டும்தான். அதைவிடப் பரிதாபமான பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடையாது.

ஆவணி மாதத்தில் அந்தப் பெட்டி லேசாகக் கரகரத்தது. எங்களுக்கு மேற்கே தேங்காய் நார் மில் ஒன்று இருக்கிறது. அதன் தூசி சாமி படம் முதல் சாப்பாடு வரை எல்லாவற்றின் மேலும் படியும். நான் பெட்டியைத் திறந்து தூசியைத் துடைத்து, உள்ளே இருந்த விசிறியின் நடுவில் ஒட்டியிருந்த தாளை உரித்து, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் அது ஒன்றுதான். தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், துருப்பிடித்த பூட்டுக்கும் மாட்டுக் கொம்புக்கும் அதுதான். விசிறி பூனை மாதிரி அடங்கியது. கொஞ்ச நாள் நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலை வகுப்பில் பெட்டி முனகியது. மறுநாள் தகரத்தில் ஆணியை இழுத்தது போலக் கீச்சிட்டது. அதற்கடுத்த நாள், கழுத்தில் கத்தி வைத்த பன்றியின் அலறல். வெயில் ஏறிய பிறகு நான் சாவகாசமாகத் திருப்புளியோடு வந்தால் பெட்டி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். போலீஸ் வருவதற்குள் பின் வாசல் வழியே போய்விடுகிற திருடன் போல, சத்தம் காலையில் வந்து பத்து மணிக்குள் போய்விடும்.

டீச்சர் வீட்டுக்குப் பின்னால் மரம் அறுக்கிறார்களா என்று ஒரு தகப்பன் கேட்டாராம். இன்னொரு பராதி (புகாருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) வந்தால் அந்தப் பிள்ளைகள் மொத்தத்தையும் வேறு டீச்சருக்கு மாற்றிவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"ஏனுங்க, இதை வேலந்தாவளத்துக் கம்ப்யூட்டர் கடைல காட்டீட்டு வந்துருங்க" என்றாள் மனைவி.

"அவங்கிட்டக் குடுத்தா ஒரு வாரம் வெச்சுக்குவான் கண்ணு. அதுவரைக்கும் நீ எதுல கணக்குச் சொல்லுவ? நான் பாத்துக்கறேன், உடு."

"நீங்க பாக்கறீங்கன்னுதானுங்க பயமா இருக்குது."

மறுநாள் காலையில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குத் தெரியாமல் மேசைக்கடியில் படுத்தேன். பப்பாளி இலைக் காம்பை இரண்டு முனையிலும் வெட்டினால் நல்ல குழல் கிடைக்கும். ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்துக் கேட்டேன். எல்லாப் பாகமும் கத்தியது. சரி, விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம் என்று விரலை நீட்டினேன். எதற்குக் குச்சியைத் தேடுவது, விரல்தான் கையோடு இருக்கிறதே என்கிற சோம்பல். இறக்கை நகத்தைப் பாதியாகக் கிழித்தது. பெட்டிக்குள் சேவல் அறுத்த மாதிரி ரத்தம் தெறித்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். மேலே என் மனைவி, "எட்டுல மூணு பங்கை வெட்டி எடுத்துட்டா மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிச்ச நகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒரு ஞானம் வந்தது. ஆறு மணிக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வரும். வந்ததும் பக்கத்துத் தோப்பில் என் பெரியப்பா மகன் மோட்டார் போடுவார். அவர் மோட்டாரை நிறுத்துகிற நேரத்துக்குத்தான் இங்கே சத்தமும் நிற்கிறது! எனக்கும் அண்ணனுக்கும் வாய்க்கால் தகராறு எங்கள் அப்பன்மார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. குற்றவாளி பங்காளியாக அமைந்துவிட்டால் மேற்கொண்டு யார்தான் விசாரிப்பார்கள்? நேராகப் போனேன். மட்டை வெட்டப் போகிற நேரம் என்பதால் கையில் அரிவாள் இருந்தது. அது அவருக்குத் தெரியாது அல்லவா?

"அண்ணா, மோட்டார நிறுத்து!"

"எதுக்குடா? உங்கொப்பன் வாங்கிக் குடுத்த மோட்டாரா?" கையில் மண்வெட்டியை எடுத்தார்.

"உன்ற மோட்டார்ல எங்கூட்டுக் கம்ப்யூட்டர் கத்துது!"

"உங்கூட்டு எருமை சினை நிக்கலீன்னாலும் என்ற மோட்டார்தான் காரணமா? அருவாளக் கீழ போட்டுட்டுப் பேசு."

"நீ மம்முட்டியப் போடு."

"நீ போட்றா மொதல்ல."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போட்டோம். கைகள் காலியானதும் நேரே கழுத்துகளுக்குப் போயின. வாய்க்காலில் புரண்டோம். அவர் முழங்கையால் என் உதட்டில் இடித்தார். வாயெல்லாம் உப்புக் கரித்தது. பிடித்து இழுக்க அவர் தலையில் முடி இல்லாததால் நான் காதைப் பிடித்தேன், பல்லால். அண்ணன் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்து கிளிகள் கலைந்தன. என்னை உதறிச் சேற்றில் தள்ளிவிட்டு எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார்.

"நிறுத்தீட்டேன்டா. இப்பவும் கத்துச்சுன்னா உன்னையக் கொன்னு இங்கயே பொதைச்சுருவேன்."

மோட்டார் அடங்கியது. தோப்பே அமைதியானது. அந்த அமைதியில், வேலிக்கு அந்தப்புறம் எங்கள் வீட்டிலிருந்து, பன்றி அலறுவது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். ரத்தம் ஒழுகிய காதுதான். பிறகு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை நடந்ததற்குச் சண்டை என்று பெயர். அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு எதுவும் இல்லை.

அண்ணனைத் திருப்பி அடிக்க முடியாத ஆத்திரத்தை எல்லாம் பெட்டியின் மேல் இறக்கினேன். முதலில் உள்ளங்கையால் ஓர் அறை. சத்தம் நின்றது! கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. இன்னொரு அறை. நாளாக ஆக அறைக்கு மசியவில்லை. குத்து, உதை, கடைசியில் ஸ்டார்ட்டரின் வேப்பங்கட்டை. தினமும் காலையில் மேசைக்கடியில் பதுங்கியிருந்து, அது வாயைத் திறக்கும்போதெல்லாம் போட்டேன். சும்மா அடிப்பது எனக்கு வராது, பேச்சும் கூடவே வரும். "வாய மூடு. கத்துனீன்னா பல்லப் பேத்துருவேன். இன்னைக்கு உன்னைய உசுரோட உட மாட்டேன்." மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகப் பல்லைக் கடித்துச் சொன்னால் அது இன்னும் பயங்கரமாகக் கேட்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கையை உதறியும் காலால் என்னை இடித்தும் என் மனைவி தடுத்துப் பார்த்தாள். அந்தச் சலசலப்பும் மைக்கில் போயிருக்கிறது.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்து வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு மேனேஜரம்மா வகுப்பைப் பாக்க வர்றாங்களாமா, வீடியோல. முடிஞ்சதும் உங்ககூடப் பேசோணுமாமா."

"எங்கூட எதுக்கு?"

"நீங்க என்னையத் தெனமும் அடிக்கறீங்களாமா. புள்ளைக ஊட்டுல சொல்லி, அவங்க பராதி குடுத்திருக்கறாங்க. அந்தப் புள்ளைகளை இனிமே எங்கிட்ட உடலாமான்னு நாளைக்குத்தான் முடிவு பண்ணுவாங்களாமா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். கடல் தாண்டி யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் போனை எடுத்திருக்கிறார். அதை நினைத்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் தாளிக்கப் போனாள். எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். வரவில்லை. மார்கழியில் எங்கள் ஊர் மதில்களில் எல்லாம் எண்ணெய்ப் பாட்டில்கள் வெயில் காயும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று தேங்காய் எண்ணெயை இரவோடு இரவாக மெழுகாக்கிவிடும். பாட்டிலை வெயிலில் வைக்க எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, ஆவணில அந்த விசிறிக்கு என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

நான் பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் வெள்ளைக் கட்டியாக நின்றது.

என் இடுப்பில் செருகியிருந்த திருப்புளியைப் பிடுங்கினாள். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு விசிறியைக் கழற்றினாள். அதன் நடுவில் நார்த் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பழைய மைசூர்பாகு மாதிரி இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். என் அடியில் கழன்றிருந்த திருகுகளை முறுக்கினாள். நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தினாள்.

"குளுருல வெறைச்சுப் போயிக் கத்திருக்குது. அதைப் போயி அடிச்சிருக்கறீங்க" என்றாள்.

மறுநாள் காலை நல்ல குளிர். பெட்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்ததும் மேனேஜரம்மா முதலில் என்னை வெளியே போகச் சொன்னார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. ஆம் இல்லை என்று சொல்ல இவ்வளவு நேரமா என்று மாட்டிடம் கேட்டேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, அவளை வெளியே அனுப்பினார்.

கேமரா முன் உட்கார்ந்தேன். பிளந்த உதடு, மஞ்சளும் நீலமுமாக வீங்கிய கண், விரலில் கட்டு. மேனேஜரம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு மிகவும் கனிவாக, "சேட்டா, பேடிக்கண்டா. ஆரா தல்லியது?" என்று கேட்டார். பயப்படாமல் சொல்லுங்கள், யார் அடித்தது என்று.

எனக்குத் தெரிந்த மலையாளத்தில் தேங்காய் எண்ணெய், மோட்டார், அண்ணனின் காது என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகத்தில் இரக்கம் கூடியது. பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்காத உத்தமன் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் விசிறியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றேன். வேண்டாம், அதைத் தொட வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னார்.

பிள்ளைகள் அவளிடமே படிக்கலாம் என்று மாலையில் தகவல் வந்தது. ஒரே நிபந்தனை: வகுப்பு நேரத்தில் நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

"அத்தனை நேரம் அவங்ககிட்ட என்ன புள்ள சொல்லீட்டிருந்த?" என்று கேட்டேன்.

"அவரு என்னைய அடிச்சதில்லீங்கன்னேன். பொட்டிய அந்தப் பேச்சுப் பேசி அடிக்கறவரு உங்களைய அடிக்க மாட்டாருன்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டாங்க." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அதுக்குப் பதில் யோசிச்சுட்டிருந்தனுங்க."

எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. "நான் ஊட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னது அந்த மேனேஜரம்மாவா?" என்றேன்.

"இல்லீங்க. அது நாஞ் சொன்னது."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் இறங்கினேன். உள்ளே பின்னக் கணக்கு தொடங்கியது. அவள் குரல் மட்டும் வந்தது. அதுவும் வாசற்படியைத் தாண்டும் வரைதான் கேட்டது. நான் நிற்காமல் தோப்புக்குள் நடந்தேன்.