பந்தியில் போட்ட பாட்டு

சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வேறு யாராவது வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் கிளார்க். கடைசி பாத்ரூமில் பேய் இருக்கிறது, பிணவாடை அடிக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதபோது டீச்சர்களே தயங்கினார்கள், நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன், குழாய்க்குப் பின்னால் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது, அதை முறத்தில் அள்ளி வெளியே போட்டுவிட்டு வந்து டீ குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான், ஆனால் பூசையில் சொல்லும் பரிசுத்த ஆவியைத் தவிர வேறு எந்த ஆவியையும் நான் கணக்கில் வைத்துக்கொண்டதில்லை.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஞாயிறு மதியம் துணி பீரோவைத் திறந்து வைத்து, அதன்முன் உட்கார்ந்து, ஃபோனில் பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி போடுகிறேன். பீரோ எதற்கென்றால், துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். செத்துப்போன இசைக்காரர்கள் யாரையாவது நினைத்துப் பேசுவேன், சினிமாவுக்கும் போகாமல் எந்தக் கம்பெனியும் வெளியிடாமல் கிடக்கிற பாட்டுகளாகத் தேடிப் போடுவேன். மொட்டைமாடியில் கிட்டாரோடு சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பையன்கள், தெருத்தெருவாகப் போய் வாசிக்கிறவர்கள், மலைச் சனங்கள், இப்படி. கேட்கிறவர்கள் மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

அப்படித் தேடிப் போனபோதுதான் செல்லியம்மா எனக்குக் கிடைத்தார். உசிலம்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு, அங்கே அவரும் மகன் கருப்பையாவும் இருந்தார்கள். செல்லியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் குரலைப் பற்றி எப்படிச் சொல்வது, இனிமையான குரல் என்று சொன்னால் பொய். ஈரமான விறகு எரிகிற மாதிரி இருக்கும், கேட்டால் கண் கரிக்கும். மூன்று பாட்டுகள் பாடிக் கொடுத்தார். மூன்றாவதைப் பாடுவதற்கு முன் என் ஃபோனின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இது நானாக் கட்டுன பாட்டு. எந்தம்பிக்கு." நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் விடவில்லை.

தம்பி தேனெடுக்கக் காட்டுக்குப் போனவர், பாறையிலிருந்து விழுந்துவிட்டார். மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம், முதலில் மோந்தது செல்லியம்மாதானாம். 'தேன்வாசம் புடிச்சுப் போன தம்பி, உன்வாசம் புடிச்சு நாங்க வந்தோம்' என்று அந்தப் பாட்டு தொடங்கும். மேளம் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் தொண்டை.

பாடி முடித்துவிட்டு, "இத யாருக்கு வேணாலும் போடுங்க, ஊரு ஒலகமெல்லாம் கேக்கட்டும், ஆனா சோறு திங்கிற எடத்துல மட்டும் போட்டுராதீங்க" என்றார்.

"உங்க சனங்களோட வழக்கமாம்மா?" என்று கேட்டேன். இந்த மாதிரி விவரம் கிடைத்தால் நிகழ்ச்சியில் சொல்லலாமே என்ற நப்பாசை.

"எங்க சனத்துக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. இது என் பாட்டு, நான் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன். நன்றாக நினைவிருக்கிறது, தலையாட்டினேன்.

மதுரையில் கலைநிகழ்ச்சிகள் நடத்துகிற தனபால் என்பவருக்கு அந்தப் பாட்டுகளை அனுப்பி, செல்லியம்மாவை ஒருமுறை மேடையேற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டேன். "இது காதுக்கு ஒத்து வராது மேடம், சனம் எந்திருச்சுப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். போன வருஷம் செல்லியம்மா காய்ச்சலில் இறந்துபோனார். நான் ஒரு நினைவு நிகழ்ச்சி போட்டேன், அதிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்துப் பரப்ப, ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அந்தக் குரல். உடனே தனபால் ஃபோன் செய்தார். "நம்ம செல்லியம்மாவுக்கு உசிலம்பட்டில ஒரு நினைவஞ்சலி பண்றோம் மேடம்." நம்ம செல்லியம்மாவாம். ஆனாலும் போனேன், பாட்டு மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு.

கல்யாண மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். வாசலில் ஒரு பெரிய ஃபிளக்ஸ். அதில் தலையில் இறகு செருகி, கழுத்து நிறைய பாசிமணி போட்ட ஒரு கிழவியின் படம். செல்லியம்மா ஜென்மத்தில் இறகு செருகியதில்லை, ரவிக்கையும் நைலக்ஸ் சேலையும்தான் அவர் உடுத்துவது. அது யாரோ.

"தனபால் சார், இது அவங்க இல்லயே."

"நெட்ல மலைவாழ் மக்கள்னு போட்டா இதான் மேடம் வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, லுக்கு நல்லாருக்குல்ல?" பல்குத்தியை வாயில் வைத்துக்கொண்டே பேசினார், பேசப் பேச அது மேலும் கீழும் ஆடியது. எச்சில் துளி ஒன்று என் கையில் விழுந்தது. சேலையில் துடைத்துக்கொண்டேன், துடைத்த இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கருப்பையா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். யாரும் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. ஃபிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மேடையில் ஒவ்வொருவராக ஏறி, மண்ணின் குரல், வனத்தின் குயில் என்றெல்லாம் அடுக்கினார்கள். ஒருத்தர்கூடச் செல்லியம்மாவின் பாட்டை முழுசாகக் கேட்டதில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு மணி நேரம் பேசினார்கள், பாட்டைப் போட நேரமில்லாமல் போய்விட்டது. பசி வந்துவிட்டதாம்.

கீழ்த்தளத்தில் பந்தி. மட்டன் பிரியாணி, தால்சா, அவித்த முட்டை. நானும் போய் உட்கார்ந்தேன், மறைக்க மாட்டேன், எனக்கும் பசிதான். முதல் கவளம் அருமையாக இருந்தது, சீரகச் சம்பா, கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. அப்போது தனபால் மைக்செட்காரரைக் கூப்பிட்டு, "அந்தப் பென்டிரைவ இங்க போட்டு விடுப்பா, பேக்ரவுண்டா மெதுவா ஓடட்டும்" என்றார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எனக்குச் செல்லியம்மா சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. மூன்றாவதை மட்டும் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சோறு இருந்தது, அது ஒரு காரணமா? விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போதாவது கேட்கட்டுமே என்று நினைத்தேன். என் பீரோவுக்குள் கிடந்த பாட்டை நூறு பேர் முழுசாகக் கேட்கப்போகிறார்கள் என்ற ஆசை. பேசாமல் முட்டையை உடைத்தேன்.

முதல் இரண்டு பாட்டும் ஓடின. யாரும் காதில் வாங்கவில்லை. "அண்ணே, இங்கிட்டு தால்சா", "மாப்ள, நெஞ்செலும்பு இருக்கா பாரு", இதுதான் சத்தம். பிறகு மூன்றாவது.

முதல் அடி முடிவதற்குள் எனக்கு வாடை வந்தது. பாத்ரூமில் பெருச்சாளியை எடுத்தவள் நான், எனக்குத் தெரியாத வாடையா, ஆனால் இது அதைவிடக் கனமாக, இனிப்பாக இருந்தது, தேனும் அழுகலும் கலந்தது போல. சாக்கடையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இலையைக் குனிந்து பார்த்தேன். அங்கிருந்துதான் வந்தது. வாயில் மென்றுகொண்டிருந்த கறி வழவழவென்று மாறியது, ஊறிய தோலைக் கடிப்பது மாதிரி, பல்லுக்கு அடியில் நழுவியது. துப்பினேன். பார்ப்பதற்கு அது நல்ல கறித்துண்டுதான், நம்புங்கள், நிறம்கூட மாறவில்லை.

எதிரே ஒருத்தர் மெல்வதை நிறுத்திவிட்டு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ தேடினார். என் வரிசைக் கடைசியில் ஒரு பெண் இலையிலேயே வாந்தியெடுத்தாள், பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஓடப் பார்த்து வழுக்கி அதிலேயே விழுந்தார். பிறகு யார் யார் என்று பார்க்க முடியவில்லை. சோறும் பித்தநீரும் தரையெல்லாம் ஓடியது. தனபாலை ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் அவர் மட்டும் சிரித்த முகத்தோடு மென்றுகொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய மென்றார், விழுங்கினார், இன்னொரு வாய் அள்ளி வைத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே குமட்டியது. அப்புறம் அதெல்லாம் அவர் வெள்ளைச் சட்டையில் மொத்தமாக வந்தது.

மேலே ஸ்பீக்கரில் அந்தக் குரல் அதன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. மைக்செட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருந்தார், நிறுத்த ஆளில்லை. பாட்டு முடிந்தது. ஃபேனை அணைத்தால் காற்று நிற்கிற மாதிரி வாடையும் நின்றது.

"கெட்ட கறியப் போட்டு ஆக்கிருக்கான்" என்று ஆளாளுக்குச் சமையல்காரர்மேல் பாய்ந்தார்கள். அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் அண்டாவில் கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றார். "பாத்துக்கங்க, காலைல அறுத்த கெடா! எம்புட்டு வேணாலும் திங்கிறேன், எனக்கு என்னா ஆகுதுன்னு பாருங்க!" என்று அழுதுகொண்டே தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாந்தியெடுத்த யாருக்கும் மறுநாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கிடையாது, நானே ஃபோன் போட்டுக் கேட்டேன்.

வெளியே போனேன். கருப்பையாவைப் பந்தியில் உட்கார வைக்கவில்லை, இடமில்லை என்று கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அவர் வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே அண்டாச் சோறு. கறியை எலும்பிலிருந்து நிதானமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாட ஏதும் வரலயா கருப்பையா?"

"இல்லயேக்கா, நல்லாத்தான இருக்கு." பிறகு உள்ளே பார்த்தார். "அம்மாவோட மூணாவது பாட்டையா சாப்பாட்டுல போட்டாக? இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஆமா."

"போடக் கூடாதுன்னு நீங்க அவுககிட்டச் சொன்னீகளா?"

"சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. எலும்பைப் பொட்டலத்தில் வைத்து மடித்தார், குழாயில் கை கழுவினார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தார். எப்போதும் 'அக்கா' என்று நிறுத்திப் பேசுகிறவர், அன்றைக்கு அந்த 'ங்க'வைச் சேர்த்தார். அந்த மரியாதைதான் என்னை அடித்தது. தனபாலின் பல்குத்தியும் இறகு செருகிய படமும் எனக்கு அருவருப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் நான் தலையாட்டிக் கொடுத்த வாக்கு தனபாலுக்குத் தெரியாது. தெரிந்தே முட்டை உரித்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன். சோப்பு கரைந்ததே தவிர என்மேல் எனக்கிருந்த அருவருப்பு போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கருப்பையாவிடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு, இணையத்தில் இருந்த மூன்றாவது பாட்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்னேன். "எதுக்குக்கா எடுத்தீக? அம்மா ஊரு ஒலகமெல்லாம் கேக்கட்டும்னுதான சொல்லுச்சு. திரும்பப் போட்டுருங்க" என்றார். போட்டேன், சோறு தின்கிற இடத்தில் போடக் கூடாது என்று செல்லியம்மா சொன்னதையும் முதல் வரியாகச் சேர்த்து.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிரமை, ஒருத்தி வாந்தியெடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அந்த வீடியோக்காரர் ஃபோன் செய்தார். "தனபால் சார் இத அழிக்கச் சொல்லிட்டாரு மேடம், அதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துருங்க" என்று அனுப்பினார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

பந்தி தெரிகிறது, நான் தெரிகிறேன். என் வலப்பக்க நாற்காலி காலி. மூன்றாவது பாட்டு தொடங்குகிறது. முதல் அடியில், இன்னும் யாருக்கும் வாடை வராத அந்த நேரத்தில், நான் முட்டையிலிருந்து தலையைத் தூக்கிக் காலி நாற்காலிப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே சேலையை இழுத்து ஒதுங்கி, இலையை இடப்பக்கம் நகர்த்தி, உட்காருங்கள் என்று கையைக் காட்டுகிறேன். பிறகு, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அப்படி நான் செய்ததாக எனக்கு நினைவே இல்லை. என்னிடம் என்ன கேட்கப்பட்டது, நான் எதற்குச் சரி சொன்னேன் என்பதும் இன்றுவரை தெரியவில்லை.