எழுபத்தைந்தில் நடுங்கும் வண்டி

வெள்ளி, மாலை 6.20. முதலில் கேட்டது கண்ணாடி நடுங்கும் சத்தம். கிர்ர்ர் என்று, குளிரில் பல் தந்தியடிப்பது போல. நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பேருந்தின் கடைசி இருக்கை அந்த நொடியே எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபது வருடம் அந்த ஜன்னலில் தலை சாய்த்துப் போயிருக்கிறேன். என் கவிதைகளில் பாதி அந்த நடுக்கத்தில் எழுதியவை. கையெழுத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் இது சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் விரைவுச்சாலை. எண்ணெய் தடவி வாரியது போல வழுவழுவென்று கிடக்கிறது. இதன் மேல் போகும் வண்டிக்கு என்ன நடுக்கம்?

"கேட்டுச்சாக்கா?" என்றாள் ரெஹானா, ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கியபடி. "எழுபத்தஞ்சு தாண்டி ஒரு மேம்பால இணைப்புல ஏறினா போதும், ஆட ஆரம்பிச்சிரும். ஐம்பதுக்குக் கொண்டு வந்தாத்தான் அடங்கும்."

ரெஹானா பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஆறு வருடம் முன்பு காரைக்கால் ரயிலில் எதிர் இருக்கையில் கிடைத்த சிநேகிதி. பினாங்கில் ஒரு கூட்டம் முடித்து ஊர் திரும்பும் வழியில், ஒரே ஒரு நாள் அவளோடு இருக்க இறங்கியிருந்தேன். வண்டி அவளுடையது: பதினேழு வயதான, உயரமான, பெட்டி போன்ற நான்கு சக்கர இயக்க வண்டி. எல்லை தாண்டி ஜொகூர்ப் பக்கம் அருவி, காடு, கடற்கரை என்று கணவனும் மனைவியும் அதில் சுற்றாத இடமில்லை.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கை காலியாக இருந்தது. அது நசீருடையது, அவள் கணவருடையது. மூன்று மாதமாக அவர் அதில் உட்காரவில்லை.

காரணத்தை அவள் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. நசீர் லிட்டில் இந்தியாவில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். ஒரு கை உயரத்திலிருந்து ஊற்றினாலும் ஒரு சொட்டு வெளியே போகாது என்பது அவருடைய கர்வம். குவீன்ஸ்டவுனில் அக்கா மகள் நிக்காஹ்வுக்குப் போகும் வழியில் வண்டி ஆடி, கையிலிருந்த தேநீர் முழுவதும் வெள்ளை ஜிப்பா மேல்.

"எல்லா போட்டோலயும் நெஞ்சுல மலேசியா மேப் மாதிரி இருக்கும்க்கா. இனி இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டார்."

அதன் பிறகு மூன்று பட்டறை. டயர் மாற்றினார்கள், சக்கரங்களைச் சமன் செய்தார்கள், அதிர்வைத் தாங்கும் குழாயையும் மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. கடைசியில் அவளே பொங்கோலில் ஒருவரிடம் விலை பேசிவிட்டாள். நாளை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"உனக்குப் பிடிச்ச வண்டிய ஏன் விக்கிற?"

"தனியா ஓட்டுறதுக்கு எனக்கு எதுக்குக்கா இவ்வளவு பெரிய வண்டி?" என்றாள். கண்ணாடி வழியே என்னைப் பார்க்கவில்லை.

சனி, காலை 9.10. பஃபலோ ரோடு முனையில் நசீரின் கடை. தோசை மூன்று வெள்ளி, டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்; தேநீர் ஒரு வெள்ளி அறுபது காசு. நசீர் உயரமாக ஊற்றினார். கயிறு போல இறங்கிய தேநீர் கோப்பைக்குள் நுரையாகச் சுருண்டது. மேசையில் ஈரமே இல்லை.

"கவிஞரம்மா, நேத்து அந்த ஊஞ்சல்லயா வந்தீங்க? பாவம் லா!" இந்த ஊர் 'லா' அவர் பேச்சின் வாலில் ஒட்டிக்கொண்டே வரும்.

"மச்சான், இன்னைக்குப் பட்டறைக்குப் போறோம். நீங்களும் வாங்களேன்" என்றாள் ரெஹானா. கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நாலாவது பட்டறையா? டாக்டருக்குக்கூட நான் ரெண்டு தடவதான் போவேன்." சிரித்தார். ஆனாலும் வழிக்கு இருக்கட்டும் என்று இரண்டு தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

காலை 9.50. புக்கிட் பாத்தோக் பதினைந்து கிலோமீட்டர். ரெஹானா தன் தேநீர்ப் பையை முன் இருக்கைக்கு மேலிருந்த கைப்பிடியில் மாட்டினாள். நான் என்னுடையதைப் பின்னால், சட்டை மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டேன். சூடு ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயணத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பார்த்துக்கொண்டிருப்பது.

அறுபதில் ஒன்றுமில்லை. எழுபதிலும் இல்லை. எழுபத்தாறில் ஒரு மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு தட் என்றது. காலி இருக்கைக்கு மேலே தொங்கிய பை பதறிப்போய் இடமும் வலமும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஸ்டியரிங் ரெஹானாவின் கைகளுக்குள் மீன் போலத் துள்ளியது. என் பக்கத்துப் பை? தியானத்தில் இருந்தது. லேசான ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான்.

காலை 10.35. தொழிற்பேட்டையில் இரண்டாம் வரிசையில் ஒரு பட்டறை. முதலாளி குணா, என் வயதுக்காரர். நெற்றிக்கு மேல் ஏற்றிய மூக்குக் கண்ணாடி. ரெஹானாவின் தோழி ஒருத்தி சொல்லி அனுப்பிய இடம். எங்களைப் பேசவிடாமல் வண்டியைத் தூக்கியில் ஏற்றினார். சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினார். மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"எல்லாம் டைட்டா இருக்கு சிஸ்டர்."

ரெஹானாவின் முகம் இறங்கிவிட்டது. முந்தைய மூன்று பேரும் சொன்ன அதே வாக்கியம். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், பொங்கோல்காரருக்கு அடிக்கத்தான்.

"சார், ஒரு விஷயம்" என்றேன். எனக்கே என் குரல் அசட்டுத்தனமாகக் கேட்டது. "முன்னாடி மாட்டின டீ ஆடுச்சு. பின்னாடி மாட்டினது ஆடல."

குணா திரும்பினார். "எப்படி ஆடுச்சு? மேல கீழயா, பக்கவாட்டுலயா?"

"பக்கவாட்டுல. பயந்த புறா மாதிரி."

"புறாவ விடுங்க. பக்கவாட்டுல, கண்டிப்பா?"

"கண்டிப்பா."

நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. பொத்தானை அழுத்தி வண்டியைக் கீழே இறக்கினார். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. "மூணு பேரும் ஏன் கண்டுபிடிக்கல தெரியுமா? மூணு பேரும் தூக்கிப் பாத்திருக்காங்க. நானும் இப்ப அதத்தான் செஞ்சேன். தூக்கினா வண்டியோட பாரம் இல்ல. தேஞ்ச ரப்பர்கூட நல்ல புள்ள மாதிரி அடங்கி உட்காந்துக்கும். கால் தரையில இருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்."

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். கையில் விளக்கைக் கொடுத்து ரெஹானாவை ஒரு பக்கம் குனியச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க மேல ஏறி ஸ்டியரிங்கைப் பிடிங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட."

"ஓட்ட வேணாம் லா. கடிகாரத்துல பதினொண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல, போங்க, வாங்க."

இப்படியாக ஐம்பத்து மூன்றாவது வயதில், கட்டை வைத்து நிறுத்திய ஒரு வண்டியில், வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். இன்ஜின் உறுமியது. பதினொன்று. ஒன்று. பதினொன்று. ஒன்று. எங்கேயும் போகாமல் இவ்வளவு பரவசமாக நான் எந்தப் பயணமும் செய்ததில்லை.

கீழே குணா படுத்தபடி உள்ளங்கையை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து நகர்ந்தார். திடீரென்று, "இங்க! சிஸ்டர், இங்க அடிங்க லைட்ட!"

"பாத்துட்டேன்!" ரெஹானாவின் கத்தல். "ஒரு முனை முதல்ல நகருது, அப்புறம்தான் மத்தது நகருது!"

இறங்கி, மண்டியிட்டு நானும் பார்த்தேன். முன் அச்சையும் வண்டிச் சட்டத்தையும் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் நீளமான இரும்புத் தண்டு. அதன் ஒரு முனையில் விரல் பருமன் ரப்பர் வளையம் பொடிந்து, உள்ளே போல்ட் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. குணா போல்ட்டைக் கழற்றி, ஓட்டையில் விரல் விட்டுத் தடவினார். "வட்டமாத்தான் இருக்கு. நீள்வட்டமாயிருந்தா வேலை பெருசு. தப்பிச்சீங்க."

ரப்பர் அடுத்த வரிசைக் கடையில் கிடைத்தது. மாட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் காப்பிக் கடையில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டோம், தட்டு ஐந்தரை வெள்ளி. ரெஹானா பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

மதியம் 2.15. அதே மேம்பாலம், எதிர்த் திசை. எழுபது. எழுபத்தைந்து. தட். முன்னால் தொங்கிய பையில் காலைத் தேநீரின் மிச்சம் ஒரு முறை தலையசைத்து அடங்கியது. எண்பது. ரெஹானா ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, காலி இருக்கையின் தலைப்பகுதியை இரண்டு முறை தட்டினாள்.

மாலை 4.30. கடை வாசலில் என் பெட்டியோடு நின்றோம். திருச்சி விமானம் எட்டு மணிக்கு. விஷயத்தைக் கேட்ட நசீர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"பைல கட்டினா அது டெஸ்ட் இல்ல. கிளாஸ்ல."

விளிம்பு வரை ஊற்றிய கண்ணாடிக் குவளையோடு, மூன்று மாதத்துக்குப் பிறகு, அவர் முன் இருக்கையில் ஏறினார். முழங்காலில் ஒரு துண்டை விரித்துக்கொண்டதை ரெஹானா கவனிக்காத மாதிரி இருந்தாள்.

சாங்கி இருபது கிலோமீட்டர். மூவரும் சாலையைப் பார்க்கவில்லை, குவளையைத்தான் பார்த்தோம். நல்லவேளை, ரெஹானா மட்டும் அவ்வப்போது சாலையையும் பார்த்தாள். எங்கள் ஊரில் சாலையே ஆடுவதால் வண்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லாப் பழியும் பள்ளத்துக்குத்தான். இங்கே சாலை வாயைத் திறப்பதில்லை. வண்டி தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எது நல்லது என்று பாய லேபார் தாண்டும்வரை யோசித்தேன்.

எழுபத்தெட்டு. ஒரு இணைப்பு. தேநீரில் ஒரு வளையம் விரிந்து மறைந்தது. இன்னொன்று. மறைந்தது. அப்போது ஒரு டாக்சி சட்டென்று எங்கள் முன்னால் நுழைந்தது. ரெஹானா பிரேக்கை மிதித்தாள். விளிம்பு தாண்டி ஒரு சொட்டு, சரியாகத் துண்டுக்கு வெளியே, நசீரின் கால்சட்டையில்.

நசீர் கறையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "அது பிரேக்கு" என்றார். "வண்டி இல்ல."

மாலை 5.15. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது ரெஹானாவின் போன் அடித்தது. பொங்கோல்காரர். அவள் கை நீளுமுன் நசீரே எடுத்தார். "சாரி ப்ரோ, வண்டி விக்கல லா. வீட்டுக்காரிக்கு வேணுமாம்... ம்ம், எனக்கும்தான்." வைத்துவிட்டு, இன்னும் முக்கால்வாசி இருந்த குவளையை என்னிடம் நீட்டினார். ஆறியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். குவளையைத் திருப்பி வாங்கித் துண்டில் சுற்றி, முன் இருக்கையில் மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி இறங்கியது.

"அடுத்த தடவ வரும்போது முன்னாடியே போன் போடுங்க, கவிஞரம்மா. நாங்க ரெண்டு பேருமா வந்து கூட்டிட்டுப் போறோம்."