மருந்துக் கேனில் வந்த கிணற்றுத் தண்ணீர்

விழுப்புரத்தில், தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தப் பாட்டிலை நீட்டினாலும், உள்ளே இருக்கும் தண்ணீரை விட்டுவிட்டு வெளியே ஒட்டியிருக்கும் தாளைத்தான் முதலில் படிப்பார்.

பெருமுக்கலில் எங்கள் கிணற்றை ஒட்டிய மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் பங்காளி களைக்கொல்லி அடித்திருந்தார். மறுநாள் எனக்கு வயிறு கலக்கியது. முந்தின நாள் கல்யாணத்தில் மூன்று முறை பிரியாணி கேட்டு வாங்கியதை வசதியாக மறந்துவிட்டேன். குடும்பமே விஷம் குடிக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரோடு பஸ் ஏறினேன்.

கேனில் ஒட்டியிருந்த பாதித் தாளை அவர் படித்தார்.

"இதுல முன்ன என்னாங்க இருந்துச்சி?"

"களைக்கொல்லிங்க. பங்காளி வரப்புல போட்டுட்டுப் போனது. சோப்பு போட்டு மூணு வாட்டி கழுவிக்கினுதாங்க வந்தேன்."

"இதுல மழத்தண்ணிய புடிச்சாந்தாலும் மருந்துன்னுதாங்க ரிசல்ட் வரும். வீட்ல இந்த மாதிரி கேன்ல குடிக்கிற தண்ணி வைக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"வச்சிடாதீங்க."

கேனைக் காலிசெய்து ஓட்டை போட்டவர், சுத்தமான பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதில் பிடித்துவந்து கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, "கெணத்துல மருந்து இல்லீங்க, தைரியமா குடிங்க" என்றார். உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் மூலையில் ஓட்டை போட்ட மருந்துக் கேன்கள் ஏழெட்டு கிடப்பதைக் கவனித்தேன்.

"இதெல்லாம்?"

"டெஸ்டுக்கு தண்ணி வந்த கேனுங்க."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அத்தனை பேர் எதிரிலும் அந்த மனிதர் எப்படித்தான் சிரிக்காமல் இருந்தாரோ! நானாக இருந்தால் முதல் கேனுக்கே கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருப்பேன்.