இரண்டாவது கேள்வி

பதிமூன்று வயதில் எனக்குத் தலைக்கனம் அதிகம். தியாகராய நகரில் ஒரு மாடியில் கோடை வகுப்புக்குப் போய் சி மொழி கற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் கோடம்பாக்கம் தெருவில் கம்ப்யூட்டரைச் சொன்னபடி கேட்கவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைப்பு. வீட்டிலிருந்த கம்ப்யூட்டரையே மாமாதான் பழையதாக வாங்கித் தந்திருந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி, ஸ்டூடியோவில் லைட்மேன். விளக்குக் கட்டும்போது உயரத்திலிருந்து விழுந்து, தொண்டையில் குழாயோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பேச்சு போய்விட்டது, கழுத்து அசையாது. இடது கை மட்டும் மெல்ல நகரும். அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது, மாலை நான்கு மணிக்கு அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பது என் பொறுப்பு. தண்ணீர் வேண்டுமா? வலிக்கிறதா? ஆம் என்றால் விரலைத் தூக்குவார். வலித்தால் மட்டும் மாத்திரை. வீரியமானது, சும்மா கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த விரல் எழும்ப நேரமாகும். அதற்குள் கீழே என் சிநேகிதிகள் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அதனால் கேள்வி கேட்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டேன். வகுப்பில் கெட்சார் என்று ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள். நாம் தட்டுவதிலிருந்து ஒரு தடவைக்கு ஒரே ஓர் எழுத்தை அது எடுத்துக்கொள்ளும். y தட்டி என்டர் அடித்தால் ஆம்; வேறு எது வந்தாலும் இல்லை. முதலில் நானே சோதித்தேன். தண்ணீருக்கு y தட்டி என்டர் அடித்தேன். இரண்டாவது கேள்விக்கு நான் விரல் வைப்பதற்குள் 'வலி: இல்லை' என்று வந்துவிட்டது. எனக்குத்தான் வலி இல்லையே! கம்ப்யூட்டரின் வேகத்தை எண்ணிப் பூரித்துப்போனேன்.

எதைத் தட்டவேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து திரையை அவர் கண்ணெதிரே திருப்பி, கீபோர்டை அவர் கைக்கடியில் வைத்துவிட்டுக் கீழே ஓடிவிடுவேன். திரும்பி வந்து திரையைப் பார்ப்பேன். தண்ணீர்: ஆம். வலி: இல்லை. அதற்குக் கீழே yyyyyy என்று நீளமாக விழுந்திருக்கும்.

"இன்னா மாமா, கீபோர்ட வச்சி வெளாடிக்கினு கீறியா?" என்று கேலி செய்துவிட்டுத் தண்ணீர் கொடுப்பேன்.

மாத்திரை அட்டை அப்படியே இருப்பதைப் பார்த்து அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். "சாயங்காலத்துல வலியே இல்லியாம். என் தம்பி தேறிக்கினு வர்றான்டி." அந்த ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனோம். மெழுகுவத்தியை என் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னாள்.

மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் எனக்கு ஆறவில்லை.

கல்லூரி முதலாண்டில், லேபில்தான் தெரிந்தது: கெட்சாருக்கு என்டரும் ஓர் எழுத்துதான். தண்ணீருக்காக மாமா அடித்த என்டர் உள்ளேயே காத்திருந்து, வலியைப் பற்றிய கேள்விக்குப் பதிலாகப் போயிருக்கிறது; அது y இல்லை என்பதால் 'இல்லை' ஆகிவிட்டது. அந்தக் கேள்வி அவருக்காக ஒரு நொடிகூட நிற்கவில்லை. முடிந்துபோன கேள்விக்கு அவர் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தக் கோடையில் ஒருநாள் மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆட்டத்துக்கு நேரமாகிறதே என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். திரையை இன்னொரு தடவை பார்த்தேன், இல்லை என்றுதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் கீழே ஓடினேன்.